புது லேப்டாப், டெபியன் 13: என்விடியா டிரைவர் ஏறவில்லை, எச்டிஎம்ஐ திரையும் வரவில்லை

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். புதிதாக ஒரு லேப்டாப் வாங்கியிருக்கிறேன். ரைசன் 7 செயலி, அதற்குள்ளேயே ரேடியான் கிராஃபிக்ஸ், அது போகத் தனியாக என்விடியா ஆர்டிஎக்ஸ் 4050. கூடவே வந்த விண்டோஸ் 11-ஐ அழிக்காமல் பக்கத்தில் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். திரைச்சூழல் க்னோம், வேலேண்ட்.

பிளெண்டர் மென்பொருளில் கோயில் மண்டபத் தூண்களை முப்பரிமாணத்தில் செய்து கொடுப்பது என் வேலை. யாளியின் பிடரி முடி வரைக்கும் செதுக்க வேண்டியிருப்பதால், தனி கார்டு உள்ளதாகப் பார்த்துத்தான் வாங்கினேன். இப்போது அந்தக் கார்டே இல்லாததுபோல் இருக்கிறது.

கட்டற்றதல்லாத மென்பொருள்களுக்கான நான்-ஃப்ரீ களஞ்சியத்தைச் சேர்த்து என்விடியா டிரைவர் பொதியை நிறுவினேன். பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. மறுதொடக்கம் செய்து டெர்மினலில் கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை அடித்தால், டிரைவரோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. எச்டிஎம்ஐ வழியாக மாட்டிய மானிட்டர் 'நோ சிக்னல்' காட்டுகிறது. சும்மா வைத்திருந்தாலே அடிப்பக்கம் சுடுகிறது, பேட்டரி மளமளவென்று இறங்குகிறது. இதெல்லாம் போதாதென்று லேப்டாப்பின் சொந்தத் திரையும் அவ்வப்போது நடுங்குகிறது. ஏதாவது படிக்கும்போதுதான் நடுக்கம். மவுஸை அசைத்தால் நின்றுவிடுகிறது.

வாங்கிய கடையில் கேட்டேன். விண்டோஸ் தவிர வேறு எதற்கும் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். விண்டோஸில் மானிட்டர், கார்டு இரண்டும் சரியாக வேலை செய்வதால் வன்பொருளில் கோளாறு இருக்காது என்றுதான் நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

கரிசல்பையன்

அக்கா, களஞ்சியத்தில் இருப்பது பழைய பதிப்பு. என்விடியா தளத்திலேயே 'ரன்' என்று முடியும் கோப்பு கிடைக்கும். அதை இறக்கி, திரைச்சூழலை நிறுத்திவிட்டு ரூட்டாக (முழு அதிகாரப் பயனராக) ஓட்டுங்கள். பழைய லேப்டாப்பில் நான் அப்படித்தான் செய்தேன், வேலை செய்தது.

உப்பளம்

வைகைக்கரை, அந்த ரன் கோப்பைத் தயவுசெய்து இப்போது தொடாதீர்கள். அது பொதி மேலாளருக்குத் தெரியாமல் கோப்புகளை நேரடியாகக் கொண்டுபோய் வைக்கும். ஏற்கனவே டெபியன் பொதி உள்ள இடத்தில் அதையும் போட்டால், எந்தக் கோப்பு யாருடையது என்று பிரித்தெடுப்பதே பெரிய வேலையாகிவிடும். இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குப் புதுப்பிப்பு வரும் நாளில் கறுப்புத் திரையில் வந்து நிற்கவும் வாய்ப்புண்டு. 4050-க்கு டெபியன் 13-இல் உள்ள 550 தொடரே போதும். இங்கே பதிப்பு காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

பொதி நல்லபடியாக நிறுவப்பட்டிருக்கிறது, ஆனால் டிரைவர் ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மறுத்திருக்கிறது. எது மறுத்தது என்பதைக் கர்னல் பதிவிலேயே எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்காமல் அழிப்பதும் மறுபடி நிறுவுவதுமாக இருந்தால், ஒரு கோளாறு நான்காகத்தான் பெருகும்.

கீழே உள்ளவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையை '-கே' விருப்பத்தோடு ஓட்டினால் ஒவ்வொரு சாதனத்தையும் எந்த டிரைவர் வைத்திருக்கிறது என்று காட்டும். அதில் என்விடியா வரிக்குக் கீழே என்ன இருக்கிறது? டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்ன சொல்கிறது? சூடோ மோட்ப்ரோப் என்விடியா என்று கையால் ஏற்றிப் பார்த்தால் என்ன பிழை வருகிறது? பிழைச் செய்தியை ஓர் எழுத்து விடாமல் அப்படியே போடுங்கள்.

வைகைக்கரை

நன்றி அண்ணா. பார்த்தேன்.

ரேடியான் வரிக்குக் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்: ஏஎம்டிஜிபியு' என்று இருக்கிறது. என்விடியாவுக்குக் கீழே அந்த வரியே இல்லை; 'கர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரி மட்டும்தான். டிகேஎம்எஸ், 'இன்ஸ்டால்டு' என்கிறது. மோட்ப்ரோப் அடித்தால் வருவது இது:

'எரர்: குட் நாட் இன்சர்ட் என்விடியா: கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'

உப்பளம்

காரணம் அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது. டிரைவர் பழுதில்லை, கார்டும் பழுதில்லை. உங்கள் லேப்டாப்பில் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டுமே தொடக்கத்தில் ஓடவிடும் பாதுகாப்பு, இயங்குகிறது. டிரைவரில் உள்ள கையொப்பத்தை அதற்கு அடையாளம் தெரியவில்லை. உறுதி செய்துகொள்ள மோக்யூட்டில் கட்டளையை எஸ்பி-ஸ்டேட் விருப்பத்தோடு ஓட்டுங்கள், 'செக்யூர்பூட் எனேபிள்டு' என்று வரும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒருமுறை புரிந்துகொண்டால், அடுத்து எந்த லேப்டாப் வாங்கினாலும் கைகொடுக்கும்.

புதிய லேப்டாப்களின் ஃபர்ம்வேருக்குள், அதாவது வன்பொருளோடே வரும் அடிப்படை நிரலுக்குள், மைக்ரோசாஃப்டின் சாவி வைக்கப்பட்டிருக்கும். டெபியன் தொடங்கும்போது முதலில் ஓடுவது ஷிம் என்ற சிறு நிரல். அதில் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் இருப்பதால் ஃபர்ம்வேர் வழிவிடுகிறது. ஷிம்முக்குள் டெபியனின் சாவி இருக்கிறது. அதை வைத்து, தொடக்கப் பட்டியலைக் காட்டும் கிரப்பையும் கர்னலையும் சோதித்து உள்ளே விடுகிறது. கர்னல் தன் பங்குக்கு, ஏற்றப்படும் ஒவ்வொரு மாட்யூலிலும் (டிரைவர் போன்ற துண்டு நிரல்) தனக்குத் தெரிந்த சாவியின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கிறது. ஏஎம்டிஜிபியு மாட்யூல் கர்னலோடு சேர்ந்தே டெபியனின் கட்டுமானத்தில் உருவானது, அதனால் தடையில்லாமல் ஏறிவிட்டது.

என்விடியா மாட்யூலின் கதை வேறு. அது உங்கள் கர்னலுக்கு ஏற்றபடி உங்கள் லேப்டாப்பிலேயே கட்டப்படுகிறது. டிகேஎம்எஸ் செய்வது அந்த வேலைதான். கர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கட்டும். உங்கள் வீட்டில் கட்டப்பட்ட மாட்யூலில் டெபியன் கையொப்பமிட்டிருக்க முடியாது. ஆகவே டிகேஎம்எஸ் தானே ஒரு சாவி இணையை உருவாக்கி அதனால் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை நம்பலாம் என்று ஃபர்ம்வேர் பக்கம் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் கணினியின் உரிமையாளரான நீங்கள். மோக் என்பது 'மெஷின் ஓனர் கீ' என்பதன் சுருக்கம்தான்.

செய்ய வேண்டியது: சூடோவோடு மோக்யூட்டில் இம்போர்ட் கட்டளை, அதற்குப் பின்னால் வார்-லிப்-டிகேஎம்எஸ் அடைவில் உள்ள 'மோக்.பப்' கோப்பின் முழுப் பாதை. ஒரு கடவுச்சொல் கேட்கும். ஒரே ஒரு முறை பயன்படப்போகிற சொல்தான், சிற்றெழுத்தும் எண்ணும் மட்டும் போட்டு எளிதாக வையுங்கள். காரணம், அடுத்து வரும் திரை உங்கள் விசைப்பலகை அமைப்பைப் பார்க்காது. அமெரிக்க அமைப்பாகவே எடுத்துக்கொள்ளும். குறியீடுகள் இடம் மாறிவிடும்.

பிறகு மறுதொடக்கம். நீல நிறத்தில் ஒரு திரை வரும். 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் அது போய்விடும். அழுத்தியதும் 'என்ரோல் மோக்', 'கன்டின்யூ', 'யெஸ்', கடவுச்சொல், 'ரீபூட்'. அவ்வளவுதான்.

வைகைக்கரை

அந்த நீலத் திரையை நான் பார்த்திருக்கிறேன்! ஒரு இணையப் பக்கத்தில் இருந்த கட்டளைகளை வரிசையாகப் போட்டபோது கடவுச்சொல் கேட்டது. அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை வந்து, எண் இறங்கிக்கொண்டே போய்த் தானாக மறைந்தது. அது எதற்கு என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொல் இல்லை.

பெருங்குடி

இவ்வளவு சுற்ற வேண்டாமே. பயாஸுக்குள் (ஃபர்ம்வேரின் அமைப்புத் திரை) போய் செக்யூர் பூட்டை அணைத்தால் அடுத்த நிமிடம் டிரைவர் ஏறும். எங்கள் அலுவலகத்தில் லினக்ஸ் மட்டும் உள்ள எல்லா இயந்திரங்களிலும் அணைத்துத்தான் வைத்திருக்கிறோம்.

வடமராட்சி

பெருங்குடி சொல்வது லினக்ஸ் மட்டும் உள்ள கணனிக்குச் சரி. ஆனால் இவரிடம் விண்டோஸ் 11-உம் இருக்கு. புது மடிக்கணனிகளில் விண்டோஸ் வட்டு பெரும்பாலும் குறியாக்கம் செய்யப்பட்டே வருது. செக்யூர் பூட் நிலையை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸைத் திறக்கேக்க வட்டைக் குறியாக்கம் செய்யிற பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி கையில இல்லாட்டி உள்ளே இருக்கிற தரவு போனது போனதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு இப்படி நடந்தது. பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டிய ஆய்வேடு விண்டோஸ் பக்கம் இருந்தது. மீட்புச் சாவி அவவின்ர மைக்ரோசாஃப்ட் கணக்கில சேமிக்கப்பட்டிருந்தபடியால் தப்பினா.

ஆகவே மோக் வழியில் போனாலும் சரி, அணைக்கிற வழியில் போனாலும் சரி, முதல் விண்டோஸுக்குள் போய் அந்த மீட்புச் சாவியை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கோ. அதுக்குப் பிறகு மற்ற வேலை.

பெருங்குடி

பிட்லாக்கர் பற்றிச் சொன்னது சரியான எச்சரிக்கை. இரண்டு இயங்குதளம் உள்ளவர்கள் மோக் வழியிலேயே போகட்டும்.

வைகைக்கரை

மீட்புச் சாவியை எழுதி வைத்துவிட்டு உப்பளம் அண்ணா சொன்னபடியே செய்தேன். நீலத் திரை வந்ததும் விசையை அழுத்தி, கடவுச்சொல் கொடுத்தேன். டெபியன் எழுந்ததும் மானிட்டரில் படம் வந்துவிட்டது! என்விடியா-எஸ்எம்ஐ இப்போது கார்டின் பெயர், வெப்பநிலை, நினைவகம் எல்லாம் அட்டவணையாகக் காட்டுகிறது. விண்டோஸும் சாவி எதுவும் கேட்காமல் திறந்தது.

இரண்டு சந்தேகம். லேப்டாப்பின் சொந்தத் திரை ரேடியானில்தானே ஓடுகிறது, அது மட்டும் முன்பே எரிந்தது. எச்டிஎம்ஐ ஏன் செத்துக் கிடந்தது? சொந்தத் திரையின் நடுக்கம் இன்னும் போகவில்லை, அது ஏன்?

உப்பளம்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். இத்தகைய லேப்டாப்களில் உள் திரையை ரேடியானோடும், எச்டிஎம்ஐ துளையை நேராக என்விடியா சில்லோடும் இணைத்திருப்பது வழக்கம். டெபியனின் என்விடியா பொதி, மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற டிரைவரான நூவோவை ஏறவிடாமல் தடுத்துவிடும். என்விடியாவின் சொந்த டிரைவர் சாவி இல்லாமல் வாசலில் நின்றது. ஆக அந்தச் சில்லுக்கு ஆளே இல்லை. அதோடு ஒட்டிய துளையும் இயங்கவில்லை. சிஸ்-கிளாஸ்-டிஆர்எம் அடைவைத் திறந்தால் எந்தக் கார்டோடு எந்தத் துளை என்று பெயரிலேயே தெரியும். முன்பு அங்கே எச்டிஎம்ஐ என்ற பெயரே இருந்திருக்காது, இப்போது இருக்கும்.

இதே நிலையில் மாட்டிக்கொண்டு அவசரமாக மானிட்டர் வேண்டும் என்பவர்கள் யுஎஸ்பி-சி துளையில் மாட்டிப் பாருங்கள். பல மாதிரிகளில் அது ரேடியானோடு இணைந்திருக்கும்.

சூட்டுக்கும் பேட்டரி இறங்கியதற்கும்கூட இதே காரணம்தான் என்று நினைக்கிறேன். வேலை இல்லாதபோது தனி சில்லைத் தூங்க வைப்பது டிரைவரின் பொறுப்பு. டிரைவர் இல்லாத சில்லு சும்மாவே விழித்துக்கொண்டு மின்சாரம் தின்னும். மானிட்டரைக் கழற்றிவிட்டு, சிஸ் அடைவில் அந்தச் சில்லின் 'பவர்' பகுதிக்குள் உள்ள 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' கோப்பைப் படியுங்கள். 'சஸ்பெண்டட்' என்று இருந்தால் தூங்குகிறது. இதை என்விடியா-எஸ்எம்ஐ வைத்துச் சோதிக்காதீர்கள். அந்தக் கட்டளையே சில்லை எழுப்பிவிடும், ஒருபோதும் தூங்குவதில்லை என்றுதான் உங்களுக்குத் தோன்றும்.

பெருங்குடி

நடுக்கத்துக்கும் என்விடியாவுக்கும் தொடர்பில்லை. நீங்கள் முதல் பதிவில் எழுதிய குறிப்பு முக்கியமானது: அசையாமல் இருக்கும்போது நடுக்கம், மவுஸை அசைத்தால் நிற்கிறது. பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்று ஒரு வசதி உண்டு. திரையில் எதுவும் மாறாதபோது, கிராஃபிக்ஸ் சில்லு படம் அனுப்புவதை நிறுத்திவிடும். திரைப் பலகமே தன் நினைவில் உள்ள கடைசிப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் மிச்சம். சில பலகங்களுக்கும் டிரைவருக்கும் இடையே இந்தக் கைமாற்றம் சரியாக அமையாதபோது இப்படி நடுங்கும்.

முதலில் ஒரே ஒரு தொடக்கத்துக்கு மட்டும் அணைத்துப் பாருங்கள். கிரப் பட்டியல் வரும்போது ஆங்கில 'இ' விசையை அழுத்தினால் தொடக்க வரிகள் திறக்கும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஏஎம்டிஜிபியு, புள்ளி, டிசிடிபக்மாஸ்க், சமக்குறி, 0×10 என்று சேருங்கள். எழுதும்போது பெருக்கல் குறிக்குப் பதில் ஆங்கில எக்ஸ் எழுத்து. கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தித் தொடங்குங்கள். அடுத்த தொடக்கத்தில் இந்த மாற்றம் தானாக மறைந்துவிடும், அதனால் பயமில்லாமல் சோதிக்கலாம்.

நடுக்கம் நின்றால், இடிசி-டீஃபால்ட் அடைவில் உள்ள கிரப் கோப்பில், 'குயட்' இருக்கும் வரியில் இதையும் எழுதி அப்டேட்-கிரப் கொடுங்கள், நிரந்தரமாகிவிடும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

இன்டெல் கிராஃபிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு இணையானது ஐ915-இன் எனேபிள்-பிஎஸ்ஆர், மதிப்பு 0.

கட்டற்றவன்

தீர்வு கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் இந்த இழையில் யாரும் பேசாத ஒன்றைப் பேச வேண்டும் தோழர்களே. நாம் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிவிட்டு, அதன் நடுவில் மூலநிரல் தெரியாத ஒரு டிரைவரை ஏற்றுவதற்காக இத்தனை பாடுபடுகிறோம். ரேடியான் ஏன் ஒரு வார்த்தை கேட்காமல் வேலை செய்தது? அதன் டிரைவர் கர்னலுக்குள்ளேயே, எல்லோரும் படித்துத் திருத்தும்படி இருக்கிறது. ஏஎம்டிஜிபியு 2015-இல் கர்னல் 4.2-இல் சேர்ந்தது. அன்றிலிருந்து கர்னலோடு சேர்ந்தே வளர்கிறது.

என்விடியாவின் பக்கம், தன்னார்வலர்கள் சில்லின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே நூவோவை எழுதினார்கள். 2010-இல் கர்னல் 2.6.33-இல் சேர்ந்தது. பிறகு மேக்ஸ்வெல் தலைமுறையின் பிற்பகுதியிலிருந்து சில்லே கையொப்பமிட்ட ஃபர்ம்வேரைக் கேட்கத் தொடங்கியது. சில்லின் வேகத்தைக் கூட்ட நூவோவுக்கு வழியில்லாமல் போனது. விளையாட்டுக்கான கார்டு, தொடங்கும்போது உள்ள குறைந்த வேகத்திலேயே ஊர்ந்தது. அந்த உழைப்பாளிகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

உப்பளம்

தோழர் சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும்: நிலைமை அங்கேயே நிற்கவில்லை. 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலை எம்ஐடி, ஜிபிஎல் ஆகிய இரட்டை உரிமத்தில் வெளியிட்டது. டியூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் அதில் அடங்கும். அந்த மாட்யூல்களுக்கு மேலே இயங்கும், படம் வரைவதற்கான ஓப்பன்ஜிஎல், வல்கன், கணக்கீட்டுக்கான குடா ஆகிய நூலகங்களும் சில்லுக்குள் ஓடும் ஃபர்ம்வேரும் இன்னும் மூடியவைதான். ஆனால் அந்த ஃபர்ம்வேரைப் பயன்படுத்தும் வழி நூவோவுக்கும் திறந்தது. கர்னல் 6.7-இலிருந்து நூவோவால் அதன் வழியாக வேகத்தைக் கட்டுப்படுத்த முடிகிறது. கட்டற்ற கிராஃபிக்ஸ் நூலகமான மெசாவில் என்விகே என்ற கட்டற்ற வல்கன் டிரைவர் வந்திருக்கிறது. ரஸ்ட் மொழியில் நோவா என்ற புதிய டிரைவரின் முதல் துண்டுகள் கர்னல் 6.15-இல் சேர்ந்தன.

வைகைக்கரையின் வேலைக்கு இன்று நூவோ போதாது. பிளெண்டரில் ஒளி, நிழலைக் கணக்கிட்டுப் படமாக்கும் சைக்கிள்ஸ் இந்தக் கார்டில் ஓட குடா அல்லது ஆப்டிக்ஸ் வேண்டும், அவை மூடிய நூலகத்தில்தான் இருக்கின்றன. அவர் பிழைப்பு அதில் இருக்கும்போது, கிடைக்கும் டிரைவரைப் போட்டுக்கொள் என்றுதான் சொல்வேன். பிளெண்டர் தேவைப்படாத, மின்னஞ்சலும் எழுத்து வேலையும் மட்டும் உள்ள ஒருவர் என்னிடம் கேட்டால், தனி கார்டே இல்லாத லேப்டாப் வாங்கச் சொல்வேன். விலையும் குறையும், இந்த இழைக்கும் தேவையிருக்காது.

கட்டற்றவன்

ஏற்கிறேன். வாங்கும் முன் கேட்கும் பழக்கம் நம்மிடையே வளர வேண்டும், அதற்காகத்தான் எழுதினேன். டெபியன் 12-க்கு முன்பு வரை அதிகாரப்பூர்வ நிறுவல் வட்டில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் இருக்காது. 2022-இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுத்து அதைச் சேர்த்தார்கள். நான் அப்போது வருந்தினேன். ஆனால் அது இல்லாவிட்டால் இவருடைய ரேடியான்கூட முதல் நாளே இப்படி எரிந்திருக்காது என்பதையும் மறுக்க மாட்டேன்.

வைகைக்கரை

நடுக்கம் நின்றுவிட்டது. பெருங்குடி சொன்னபடி ஒருமுறை சோதித்துவிட்டு, பிறகு கோப்பில் எழுதினேன். மானிட்டரைக் கழற்றியதும் அந்தக் கோப்பு 'சஸ்பெண்டட்' என்கிறது. அடிப்பக்கம் இப்போது கை வைத்தால் சுடவில்லை.

பிளெண்டரில் முதலில் ஆப்டிக்ஸ் பட்டியலில் கார்டு வரவில்லை, குடாவில் மட்டும் வந்தது. லிப்என்விஆப்டிக்ஸ் பொதியைத் தனியாக நிறுவியதும் இரண்டிலும் வருகிறது. நாற்பது பட்டை தீட்டிய ஒரு தூணை வைத்து ஓட்டிப் பார்த்தேன். செயலியில் ஓட்டினால் எழுந்துபோய் வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம். இப்போது கண்முன்னாலேயே நிழல் விழுந்து முடிகிறது.

நொய்யல்

இதே சிக்கல்தான் எனக்கும், ஆனால் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060. டெபியன் 13தான். மோக் சேர்த்தாகிவிட்டது, மோக்யூட்டிலுக்கு டெஸ்ட்-கீ கொடுத்தால் ஏற்கனவே சேர்ந்திருப்பதாகத்தான் சொல்கிறது. இருந்தும் டிரைவர் கார்டை எடுக்கவில்லை.

உப்பளம்

நொய்யல், உங்களுடையது வேறு காரணம். 50 வரிசை பிளாக்வெல் தலைமுறை. அதற்கான ஆதரவு 570 தொடரில்தான் தொடங்கியது. 550-க்கு உங்கள் சில்லைத் தெரியவே தெரியாது. தவிர இந்தத் தலைமுறைக்கு என்விடியாவின் திறந்த கர்னல் மாட்யூல் மட்டும்தான் வேலை செய்யும், பழைய மூடிய மாட்யூல் ஏறாது. உபுண்டு 24.04-இன் களஞ்சியத்தில் 570-இன் 'ஓப்பன்' வகை கிடைக்கிறது. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் கையொப்பமிட்ட மாட்யூல்களாகவும் கிடைப்பதால் அவற்றை எடுத்துக்கொண்டால் மோக் வேலையும் மிச்சம். முதலில் அதை யுஎஸ்பியில் போட்டு, வைஃபை, ஒலி, உள் திரை எல்லாம் வருகிறதா என்று நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். டெபியனிலேயே இருக்க விரும்பினால், கர்னல் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் என்விஆர்எம் என்று தொடங்கும் வரிகளை இங்கே போடுங்கள். இந்த இழை நீண்டுவிட்டது, புது இழையாகத் தொடங்கினால் பின்னால் தேடி வருபவர்களுக்கும் வசதி.